மடக்குக்கத்தி வாங்கப் போகிறீர்களா? வேலைப்பாட்டைப் பார்த்து வாங்கச் சில குறிப்புகள்

காஞ்சிபுரம் வட்டாரத்தில் எங்கள் ஏனாத்தூர் மாதிரி ஊர்களில் மடக்குக்கத்திக்கு ஓய்வே கிடையாது. உர மூட்டைத் தையலைப் பிரிக்க, சொட்டுநீர்க் குழாயை நறுக்க, வாழைநாரைக் கிழிக்க, வரப்பில் உட்கார்ந்து கொய்யாவைக் கூறுபோட, வெற்றிலை போடும் பெரியவர்களுக்குப் பாக்கைச் சீவ என்று நாள் முழுக்க அதற்கு வேலை இருக்கும். அருவாள் வாங்கும்போது பட்டறையில் நின்று இரும்பு எது, தோய்ச்சல் எப்படி என்று கொல்லரைக் குடைந்து எடுக்கிறோம். மடக்குக்கத்தி என்றால் மட்டும் “கம்பெனிச் சரக்குதானே, எல்லாம் ஒன்றுதான்” என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம்.

எல்லாம் ஒன்றல்ல. ஆலையில் தகட்டை வெட்டுவதும் துளை போடுவதும் இயந்திரத்தின் வேலை. ஆனால் பழைய பாணி மடக்குக்கத்தியில் அலகையும் ஸ்பிரிங்கையும் உள்தகட்டையும் பிடியையும் ஒன்றுசேர்த்து, ரிவெட் அடித்து, ஏற்ற இறக்கத்தைத் தேய்த்துச் சரிசெய்வது இன்றும் பெரும்பாலும் ஒருவரின் கையும் கண்ணும்தான். அந்தக் கைக்கு வேண்டிய நேரம் கிடைத்ததா, அவசரமாகத் தள்ளிவிடப்பட்டதா என்பதைக் கத்தியே காட்டிக்கொடுக்கும். எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

1. ஒரே ஒரு கத்தியை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். “அண்ணே, இதே மாடல்ல இன்னும் ரெண்டு மூணு எடுங்க” என்று கேளுங்கள். ஒரே ஆலை, ஒரே பெட்டி, ஒரே விலை என்றாலும் ஒன்று இறுக்கமாக இருக்கும், இன்னொன்று ஆடும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும். வாங்குகிறவருக்கு இது உரிமை. நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

2. முதலில் கத்தியை மடக்கிய நிலையிலேயே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முதுகில் ஓடும் ஸ்பிரிங்குக்கும் இரண்டு பக்க உள்தகடுகளுக்கும் நடுவே கோடாக வெளிச்சம் தெரிகிறதா? தெரிந்தால் பொருத்தம் சரியில்லை. இதைச் சின்ன விஷயம் என்று விடக்கூடாது. அந்த இடைவெளி வழியாகத்தான் வயல் சேறும், பழச்சாறும், உரத்தூளும் உள்ளே போகும். உள்ளே போனதைத் துடைத்தெடுக்க வழியில்லை. வெளியே பளபளவென்று இருக்கும் கத்தி உள்ளுக்குள்ளே துருப்பிடித்து, ஒருநாள் திறக்க மறுக்கும். பிடிக்கும் அதன் கீழுள்ள தகட்டுக்கும் நடுவிலும், பிடி உலோகப் பூணைத் தொடும் இடத்திலும் இதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே நகத்தை ஓட்டினால் சிக்கக்கூடாது.

3. மடக்கிய கத்தியை மேலிருந்து பாருங்கள். ஒற்றை அலகுக் கத்தியில் அலகு இரண்டு தகடுகளுக்கும் நட்டநடுவில் படுத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து தகட்டை உரசினால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அலகில் கீறல் விழும். இரண்டு மூன்று அலகுகள் உள்ள கத்திக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் அலகுகள் ஒன்றையொன்று உரசாமல் விலகிப் படுப்பதற்காக அடிப்பகுதியில் வேண்டுமென்றே லேசாக வளைத்திருப்பார்கள். அதைக் குறை என்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம். உரசல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

4. இனித் திறந்து பார்க்கலாம். பழைய பாணிக் கத்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு கிடையாது. முதுகு ஸ்பிரிங் அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டே இருப்பதால்தான் திறந்த அலகு திறந்தபடி நிற்கிறது. அதனால் ஸ்பிரிங்கின் பலம்தான் உங்கள் விரலுக்குப் பாதுகாப்பு. நகம் வைக்கும் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து இழுங்கள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை இழுவை ஒரே சீராக வந்து, கடைசியில் “டக்” என்று தெளிவான சத்தத்தோடு அலகு நிற்க வேண்டும். மடக்கும்போதும் அப்படித்தான். நடுவில் கரகரவென்று மணல் அரைப்பதுபோல இருந்தால் பயப்பட வேண்டாம். மெருகேற்றிய தூள் உள்ளே தங்கியிருக்கலாம். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நாலைந்து தடவை திறந்து மூடினால் போய்விடும். எண்ணெய்க்குப் பிறகும் போகவில்லை என்றால் அது தூள் அல்ல, உள்ளே பரப்பு சரியாகத் தேய்க்கப்படவில்லை.

சில கத்திகள் பாதி திறந்த நிலையில், அலகு செங்குத்தாக இருக்கும்போது ஒருமுறை நிற்கும். அது பழுதல்ல, அலகின் அடியைச் சதுரமாக வெட்டிய கத்தி. மடக்கும்போது அலகு விரல்மேல் சட்டென்று விழாமல் இந்த இடைநிறுத்தம் காக்கும். வயதானவர்களுக்கும் புதிதாகக் கத்தி பழகுகிறவர்களுக்கும் நான் இந்த வகையைத்தான் சொல்வேன்.

5. இழுவை பலமாக இருந்தால் உயர்ந்த கத்தி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நகம் பிய்ந்துபோகிற அளவு இறுக்கம் வேலைப்பாட்டுக்கு அடையாளம் அல்ல. வீட்டில் யார் பயன்படுத்தப்போகிறாரோ அவர் கையிலேயே கொடுத்துத் திறக்கச் சொல்லி வாங்குங்கள்.

6. என்னைக் கேட்டால், ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன். கத்தியின் முதுகில் விரலை வைத்து, ஸ்பிரிங் மேலே துருத்துகிறதா, உள்ளே பள்ளமாகப் போகிறதா என்று தடவிப் பாருங்கள். மடக்கிய நிலையில் ஒருமுறை, பாதி திறந்து ஒருமுறை, முழுக்கத் திறந்து ஒருமுறை. மூன்று நிலையிலும் ஸ்பிரிங்கும் தகடுகளும் ஒரே மட்டத்தில் இருந்தால், அந்தக் கத்தியைச் செய்த ஆலையில் தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஏன் இது கடினம் என்று சொல்கிறேன். அலகு சுழலும்போது அதன் அடிப்பகுதியின் மூன்று வெவ்வேறு முகங்கள் மாறிமாறி ஸ்பிரிங்கைத் தாங்குகின்றன. மூன்று முகங்களும் அச்சாணியிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால்தான் ஸ்பிரிங் ஒரே உயரத்துக்கு வந்து நிற்கும். ஒரு முகத்தில் மயிரிழை கூடக்குறையத் தேய்த்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். நல்ல ஆலையில் ரிவெட் அடிப்பதற்கு முன்பே தற்காலிகமாகக் கோத்துப் பார்த்து, கழற்றி, தேய்த்து, மறுபடி கோத்துப் பார்ப்பார்கள். மலிவு விலைக் கத்தியில் அதற்கெல்லாம் நேரம் இல்லை. திறந்த நிலையிலும் மடக்கிய நிலையிலும் மட்டம் சரியாக இருந்து, பாதி திறந்த நிலையில் மட்டும் கொஞ்சம் துருத்தினால் நாள்தோறும் புழங்கும் கத்திக்கு அது மன்னிக்கத்தக்க குறை. திறந்த நிலையிலேயே ஸ்பிரிங் பள்ளமாகக் கிடந்தால் வேண்டாம், வைத்துவிடுங்கள்.

7. ஆட்டம் பார்க்கும் முறை: கத்தியைத் திறந்து, பிடியை ஒரு கையில் இறுக்கிக்கொண்டு, அலகின் முதுகுப்பக்கத்தை மறுகையின் இரு விரலால் பிடியுங்கள். கூரான வாய்ப்பக்கம் விரல் போகக்கூடாது. இடமும் வலமும் அசையுங்கள், பிறகு மேலும் கீழும் அசையுங்கள். பக்கவாட்டில் ஆடினால் அச்சாணி ரிவெட் தளர்வு. கைதேர்ந்தவர் ரிவெட்டின் தலையை மெல்லத் தட்டி இறுக்கித் தர முடியும். மேலும் கீழும் ஆடினால் ஸ்பிரிங் அலகின் அடியில் சரியாக உட்காரவில்லை என்று பொருள். சுத்தியலால் அது தீராது. புதுக் கத்தியிலேயே அப்படி என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

8. மடக்கிய கத்தியில் அலகின் முனை எங்கேயாவது எட்டிப்பார்க்கிறதா என்று விரலால் தடவுங்கள். வேட்டி மடியில் செருகுகிற பழக்கமுள்ள வீட்டிலும், குழந்தைகள் கைவைக்கிற வீட்டிலும் இந்த ஒரு குறைக்காகவே கத்தியை நிராகரிக்கலாம்.

9. மடக்கியபின் அலகின் முதுகை விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். கூர்வாய் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங்கில் போய் மோதும் சத்தம் கேட்கிறதா? அப்படியானால் ஒவ்வொரு தடவை மடக்கும்போதும் அதே இடத்தில் கூர் நசுங்கும். எத்தனை தீட்டினாலும் அந்த இடம் மட்டும் மழுங்கிக்கொண்டே இருக்கும். மோதாமல் இருக்க அலகின் அடியில் சிறு புடைப்பு ஒன்று விட்டிருப்பார்கள், அதுதான் ஸ்பிரிங்கில் உட்காரும். சில கத்திகளில் வேகமாக விட்டால் மட்டும் மோதும். அவற்றைக் கையால் தாங்கி மெல்ல மடக்கிப் பழகினால் போதும்.

10. எஃகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் நம் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

காந்தம் ஒட்டினால் அசல் எவர்சில்வர் இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. சோற்றுப் பாத்திரத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம், கத்திக்குப் பொருந்தாது. காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கக்கூடிய எஃகில்தான் நல்ல அலகு செய்ய முடியும். அந்த வகை துருப்பிடிக்காத எஃகாக இருந்தாலும் காந்தம் ஒட்டும். காந்தம் ஒட்டாத அலகு பாத்திர எஃகில் செய்ததாக இருக்கும், அதில் கூர் நிற்காது. ஆக, கத்தி வாங்கும்போது காந்தம் ஒட்டுவது நல்ல அடையாளம்.

அலகின் அடியில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். சீனத் தயாரிப்புகளில் 3சிஆர்13, 5சிஆர்15, 8சிஆர்13 என்று இருக்கும். முதல் எண் கரி அளவு, பின்னால் வருவது குரோமிய அளவு. 3 என்றால் நூற்றுக்குச் சுமார் 0.3 பங்கு கரி, 8 என்றால் சுமார் 0.8 பங்கு. கரி குறைந்தால் கூர் சீக்கிரம் மழுங்கும், ஆனால் தீட்டுவது எளிது. கரி கூடினால் கூர் நீடிக்கும். 440 என்று மட்டும் போட்டு ஏ, பி, சி எழுத்து இல்லாவிட்டால் உயர்ந்த சி ரகம் என்று நம்பிவிடாதீர்கள். சி ரகத்தில் கரி 0.95 பங்குக்கு மேல், ஏ ரகத்தில் அதைவிட நன்றாகவே குறைவு. “ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்” என்பதைத் தவிர வேறொன்றும் எழுதாத கத்திக்கு அதிக விலை கொடுக்க வேண்டாம்.

கடினம் கூடினால்தான் நல்லது என்றும் இல்லை. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் ஆலை தன் பேனாக்கத்தி அலகுகளுக்கு ராக்வெல் கடின அளவில் 56 வைக்கிறது. அதே கத்தியில் ஸ்பிரிங்குக்கு 49தான். வளைந்து நிமிர வேண்டிய பாகம் கொஞ்சம் இளகி இருக்க வேண்டும், வெட்டும் பாகம் இறுகி இருக்க வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் வேலைக்கேற்ற தோய்ச்சல் கொடுப்பதுதான் நல்ல ஆலையின் லட்சணம். ஸ்பிரிங் உடைந்துபோகும் மலிவுக் கத்திகளில் பெரும்பாலும் கோளாறு இந்த இடத்தில்தான் இருக்கும்.

11. கார்பன் எஃகா, துருப்பிடிக்காத எஃகா? கார்பன் எஃகு எளிதில் தீட்டப்படும், கூரும் இனிமையாக வரும். ஆனால் மாங்காய், புளி, எலுமிச்சை பட்டால் சாம்பல் நிறமாக மாறும், மாங்காயும் கறுத்துப்போகும். அந்தச் சாம்பல் படலம் கெடுதல் இல்லை, செந்துருதான் கெடுதல். தினம் துடைத்து எண்ணெய் தடவுகிற பொறுமை இருப்பவர்கள் கார்பன் எஃகை வாங்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சட்டையோடு கத்தியையும் ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கிவிடுகிறவர்களுக்குத் துருப்பிடிக்காத எஃகே சரி.

12. அலகைக் கண்ணுக்கு நேரே முனை உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வளைவு இல்லாமல் நேராக இருக்கிறதா? கூருக்காகத் தீட்டிய சரிவு இரண்டு பக்கமும் ஒரே அகலமா? ஒரு பக்கம் பட்டையாகவும் மறுபக்கம் மெல்லிய கோடாகவும் இருந்தால் சக்கரத்தில் பிடித்தவர் அவசரப்பட்டிருக்கிறார். வீட்டில் கல்லில் தீட்டித் தீட்டி இது சரியாகிவிடும், ஆகவே பெரிய குறை இல்லை. ஆனால் முனையிலோ கூர்வாயிலோ பழுப்பு அல்லது நீல நிறம் ஓடியிருந்தால் வாங்காதீர்கள். சக்கரத்தில் சூடேறித் தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம். கார்பன் எஃகு 300 டிகிரிக்குப் பக்கத்தில் சூடானால் நீலம் பாயும். அந்த இடத்தில் கூர் நிற்கவே நிற்காது.

13. பிடியைத் தடவுங்கள். ரிவெட் தலைகள் பிடியோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மரம், எலும்பு, எருமைக்கொம்பு ஆகியவற்றில் ரிவெட்டைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் அந்த விரிசல்தான் முதலில் வாய்பிளக்கும். இரண்டு பக்கப் பிடியின் நிறமும் வரியும் ஒத்திருந்தால் ஆலையில் யாரோ தேடி எடுத்து ஜோடி சேர்த்திருக்கிறார்கள், அது அக்கறையின் அடையாளம். மான்கொம்புப் பிடி என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வியாபாரமே குற்றம். யானைத் தந்தத்துக்கும் அப்படித்தான்.

14. மரப்பிடி ஒற்றைத் துண்டாக இருக்கும் ஓப்பினல் போன்ற கத்திகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினல் 1890இல் தொடங்கிய உழவர் கத்தி இது. முதுகு ஸ்பிரிங் இல்லை. 1955 முதல் கழுத்தில் ஒரு வளையம், அதைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். பாகங்கள் குறைவு, விலையும் அதிகமில்லை, வயல் வேலைக்கு அருமையானது. நம் ஊரில் ஒரே சங்கடம் ஈரம். மழைக்காலத்தில் மரம் ஊறி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கடையில் பார்க்கும்போதே மிகவும் இறுக்கமாக இருக்கும் கத்தியைத் தவிர்த்து, சற்று இளக்கமாக நகரும் கத்தியை எடுங்கள். வளையம் சுழலும்போது சீராக இறுக வேண்டும், வழுக்கிக்கொண்டு சுற்றக்கூடாது. பிடியின் பிளவுக்குள் மெழுகு தேய்த்து வைத்தால் ஈரம் இறங்குவது குறையும்.

15. மாங்கன்றுக்கு ஒட்டுக்கட்டவும் ரோஜாவுக்கு மொட்டுக்கட்டவும் வாங்குகிற கத்தி வேறு. ஒட்டுக்கத்தி பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டப்பட்டு மறுபக்கம் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டைப் பக்கம் உண்மையிலேயே தட்டையாக இருக்கிறதா என்று ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்துப் பாருங்கள். தட்டையாக இல்லாவிட்டால் வெட்டு நேராக வராது, வேர்க்குச்சியும் ஒட்டுக்குச்சியும் முழுவதும் ஒட்டாது, கன்று பட்டுப்போகும். சரிவு எந்தப் பக்கம் என்பதையும் கவனியுங்கள். இடதுகைப் பழக்கமுள்ளவருக்கு எதிர்ப்பக்கம் தீட்டியது வேண்டும். பட்டையை நெம்பும் நாக்கு பித்தளையிலோ பிளாஸ்டிக்கிலோ வழவழப்பாக இருக்க வேண்டும், ஓரத்தில் பிசிர் இருந்தால் பட்டை கிழியும்.

16. பெயரைப் பார்த்து மயங்காதீர்கள், ஆனால் பெயரைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஜெர்மனியின் சோலிங்கன் என்ற ஊர்ப் பெயருக்கு 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. முக்கியமான வேலைகள் அந்த ஊர் வட்டாரத்தில் நடந்த கத்தியில்தான் அந்தப் பெயரைப் பொறிக்கலாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஜோசப் ராஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் சிலுவையும் கொண்ட முத்திரை 1682இல் பதிவானது. அந்த நிறுவனத்தின் பழைய கத்திகள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. புகழ்பெற்ற முத்திரை என்றாலே போலியும் கூடவே வரும். எழுத்து ஆழம் குறைந்து கலங்கலாக இருந்தாலோ, எழுத்துப்பிழை இருந்தாலோ சந்தேகப்படுங்கள். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையோ மருமகனோ அங்குள்ள கேஸ் நிறுவனத்தின் கத்தி வாங்கி வந்தால், அலகின் அடியில் இருக்கும் புள்ளிகளைப் பாருங்கள். 1970 முதல் அந்த நிறுவனம் புள்ளிகளின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் மாற்றித் தயாரித்த ஆண்டைக் குறிக்கிறது.

முத்திரை என்ன சொன்னாலும் 2 முதல் 9 வரையுள்ள சோதனைகளை விட்டுவிட வேண்டாம். பெரிய பெயர் கொண்ட ஆலையிலிருந்தும் ஆடும் கத்தி வரும், பெயர் தெரியாத ஆலையிலிருந்தும் அருமையான கத்தி வரும்.

17. கூரைச் சோதிக்க விரலை ஓட்டாதீர்கள், கையிலுள்ள மயிரைச் சிரைத்துக் காட்டவும் வேண்டாம். ஒரு செய்தித்தாளை நிற்கவைத்துப் பிடித்து அலகின் அடியிலிருந்து முனைவரை ஒரே இழுப்பில் வெட்டுங்கள். எந்த இடத்தில் தாள் கிழிகிறதோ அந்த இடத்தில் கூர் குறை. புதுக் கத்தி கொஞ்சம் மழுங்கலாக வந்தால் அதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம். கூரை நாம் கொடுத்துக்கொள்ளலாம், பொருத்தத்தை நம்மால் கொடுக்க முடியாது.

18. தீட்டுவதற்குச் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் சிறிய மடக்குக்கத்தியைக் கொடுக்கும்போது, மெல்லப் பிடித்து அடிக்கடி தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். அருவாளுக்கும் அரிவாள்மனைக்கும் பிடிக்கும் வேகம் மெல்லிய அலகுக்கு ஆகாது, 12ஆம் குறிப்பில் சொன்ன நீலம் இப்படியும் வரும். வீட்டிலேயே தீட்டுகல்லில் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில் தேய்ப்பதுதான் நல்லது.

19. உர மூட்டை பிரிக்கும் கத்தியை அன்றன்றே கழுவித் துடையுங்கள். பொட்டாஷ் உரத்தில் இருப்பது குளோரைடு உப்பு. அது துருப்பிடிக்காத எஃகிலும் புள்ளிபுள்ளியாகக் குழி போடும். “துருப்பிடிக்காது என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழம் நறுக்க வேறு கத்தி வைத்துக்கொள்வது உடம்புக்கும் நல்லது.

20. மூட்டில் விடத் தையல் மெஷின் எண்ணெய் போதும், ஒரே சொட்டு. தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசுக்காகி அழுக்கைச் சேர்க்கும், அதனால் மூட்டுக்குள் விட வேண்டாம். உணவு வெட்டும் அலகின்மேல் மட்டும் மெல்லியதாகத் தடவித் துடைத்துக்கொள்ளலாம். நீண்டநாள் பயன்படுத்தாமல் வைக்கும் கத்தியைத் தோலுறையில் வைக்கக்கூடாது. தோலிலுள்ள ஈரமும் பதனிட்ட உப்புகளும் அலகைத் தின்னும். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

21. சட்டமும் தெரிந்திருக்கட்டும். வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்யப்படாமல் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதச் சட்ட விதிகளின்படி ஆயுத வகையில் வரும். நாம் பேசும் மடக்குக்கத்திகளின் அலகு பொதுவாக 3, 4 அங்குலத்தைத் தாண்டாது. ஆனாலும் நீதிமன்றம், விமான நிலையம் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. பட்டனைத் தட்டினால் துள்ளித் திறக்கும் கத்திகள் எந்த வீட்டு வேலைக்கும் தேவையில்லை, வாங்காமல் இருப்பதே நல்லது.

22. ஆன்லைனில் வாங்கினால் மேலே சொன்ன சோதனைகளைப் பார்சல் வந்த அன்றே செய்யுங்கள். எண்ணெய் விடுவதற்கும் கூர் தீட்டுவதற்கும் முன்பே முதுகு மட்டம், ஆட்டம், வெளிச்ச இடைவெளி மூன்றையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஒருமுறை தீட்டிவிட்ட கத்தியைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

23. கடைசியாக ஒரு வேண்டுகோள். பரணில், பழைய டிரங்குப் பெட்டியில் தாத்தா காலத்து மடக்குக்கத்தி கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மூட்டில் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, மெல்லத் திறந்து, இதே சோதனைகளைச் செய்து பாருங்கள். முதுகு மட்டமும் இழுவையும் இன்றைக்கும் சரியாக இருக்கிற கத்திகள் அவற்றில் உண்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முத்திரையை மட்டும் அழித்துவிட வேண்டாம். எந்த ஊரில், எந்த ஆலையில் செய்தது என்று தெரிந்துகொள்ள அது ஒன்றுதான் சாட்சி.